பெட்ரோமாக்ஸிலும் எல்.இ.டி.யிலும் ஒரே உலோகம்

‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைச் செந்தில் நசுக்கும் காட்சி தமிழர்களுக்கு மனப்பாடம். தொட்டதும் அது உதிர்ந்துபோவதற்குக் காரணம் இருக்கிறது. புது மேண்டில் என்பது வேதி உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த வலைத்துணி. முதல்முறை பற்றவைத்ததும் நூல் எரிந்துவிடும். அதன் பின்னலைப் பிடித்தபடி சாம்பல் மட்டும் நிற்கும். அந்தச் சாம்பலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு.

அந்த ஒரு பங்கில்தான் சூட்சுமம். ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் செய்த முதல் மேண்டில் பச்சை படர்ந்த ஒளியைத் தந்தது, மக்கள் விரும்பவில்லை. தூய தோரியத்தைச் சூடாக்கினால் வெளிச்சமே போதவில்லை. துளி சீரியம் சேர்த்ததும் வெண்ணொளி வீசியது. 1891இல் அந்த விகிதம் நிலைபெற்றது. நம் ஊர்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பு, இரவுத் தேர்ப்பவனிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் தெருக்கூத்துக்கும் இதைவிட நல்ல விளக்கு ஏது?

சீரியத்தை 1803இல் ஸ்வீடனில் பெர்சீலியஸும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே கண்டறிந்தார்கள். கையில் பிடிக்கத்தக்க நல்ல உலோகமாக அது கிடைத்ததோ 1875இல். சீரியம் உள்ளிட்ட அருமண் தனிமங்கள் ஒரே கனிமத்துக்குள் சேர்ந்தே இருக்கும். வேதிக் குணத்திலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். பிரிப்பது பெரும்பாடு. மற்றபடி நிலத்தில் ஏறக்குறையத் தாமிரம் அளவுக்குச் சீரியம் உண்டு.

சாம்பல் நிறம், கத்தியால் நறுக்கக்கூடிய மென்மை. சுரண்டினால் பொறி பறக்கும். சிகரெட் லைட்டரின் சக்கரம் உரசுகிற ‘கல்’ உண்மையில் இரும்பும் சீரியமும் கலந்த உலோகம்தான்; அதையும் மேண்டிலைச் செய்த ஆவரே உருவாக்கினார். அருமண் தனிமங்கள் பொதுவாக மூன்று எலக்ட்ரான்களை இழக்கும். சீரியம் நான்காவதையும் எளிதில் விட்டுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும். காரின் புகைக்குழாயில் ஆக்சிஜன் மிஞ்சும்போது சீரியம் ஆக்சைடு அதைப் பிடித்துவைத்து, குறையும்போது விடுகிறது. நச்சான கார்பன் மோனாக்சைடு எரிந்து அடங்க அது உதவுகிறது. மூக்குக் கண்ணாடி வில்லைகளைப் பளபளக்கத் தேய்ப்பதும் இதே ஆக்சைடுத் தூள்தான்.

எனக்குப் பெரும் வியப்பு தருவது எல்.இ.டி. விளக்கு. அணைந்திருக்கும்போது உள்ளே சில்லுகளின் மேல் மஞ்சள் பூச்சு தெரியும். இட்ரியம், அலுமினியம் ஆக்சைடுகளாலான படிகத்தூளில் துளி சீரியம் கலந்தது அது. அடியிலிருக்கும் சில்லு உமிழ்வது நீல ஒளி. அதில் ஒரு பகுதியைச் சீரியம் விழுங்கி மஞ்சளாக வெளியிடுகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகின்றன. பெட்ரோமாக்ஸ் மறைந்த தெருவில் இன்று கம்பத்திலிருந்து ஒளிர்வதும் துளி சீரியம்தான்!

மேண்டில் தொழிலுக்கு வேண்டிய தோரியமும் சீரியமும் அடங்கிய மோனசைட் மணல் ஒருகாலத்தில் பிரேசிலிலிருந்து ஐரோப்பா போனது. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், இந்தியாவிலிருந்து இறக்குமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தடம் பிடித்து அவர் வந்து சேர்ந்த இடம், அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சி. அடுத்த ஆண்டே அங்கே ஆலை எழுந்தது. முதல் உலகப்போரில் அவர் உளவாளி என்று கைதானார், ஆலை மூடப்பட்டது. சுதந்திர இந்தியா 1950இல் தொடங்கிய இந்திய அருமண் நிறுவனம் இன்றும் அங்கே மணலைப் பிரிக்கிறது.

மின்வாகன மோட்டார்களின் காந்தத்துக்கு இந்த மணலிலுள்ள நியோடிமியம் வேண்டும் என்பதால் அதன் மேல் இப்போது எல்லோர் பார்வையும் விழுந்திருக்கிறது. ஆனால் மோனசைட்டுக்குள் கதிரியக்கத் தோரியமும் இருக்கிறது. அதே கடற்கரைப் பகுதியிலுள்ள கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் எதிர்ப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். உலோகம் நாட்டுக்குத் தேவைதான். அந்தக் கரையில் வாழ்பவர்களின் சம்மதம் இல்லாமல் ஒரு பிடி மணலையும் அள்ளக்கூடாது.