வை, திருப்பு, மூழ்கு

"வளையலை வச்சுத்தான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினேன்" என்று ஒரு தாய் சொன்னால், எங்கே வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. 'வை' என்ற ஓரெழுத்து வினையே அடகுக்கடையைச் சொல்லிவிடுகிறது.

விற்றால் நகையோடு உரிமையும் போய்விடும். வைத்தால் நகை மட்டுமே கைமாறும், உரிமை நம்முடையதே. கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைப்பதைத்தான் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அடகு என்கிறது. நிலத்தையும் வீட்டையும் ஈடு காட்டினால் அது அடமானம்.

கடையில் நகையை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பார்கள். கல், அரக்கின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் மதிப்புப் போடுவார்கள். வாங்கும்போது நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் இங்கே கணக்கில் வராது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தருவதாக இருந்தால், ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, சொந்தச் செலவுக்கான நகைக்கடன் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்போது தங்க மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். 5 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம்தான்.

அடுத்தது வட்டி. தெருப் பேச்சில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். 50,000 ரூபாய் வாங்கினால் ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 12,000. சிறிதாக ஒலிக்கும் 'ரெண்டு' என்ற சொல்லை 12-ஆல் பெருக்கிப் பார்ப்பது நல்லது.

அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்பதைத் 'திருப்புவது' என்கிறோம். திருப்ப முடியாமல் போனால் நகை 'மூழ்கிவிட்டது' என்கிறோம். இந்தச் சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தவணை முடிந்ததுமே நகை கைவிட்டுப் போனதாக நம்பிக் கடைப்பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

சட்டம் சொல்வது வேறு. நகையை விற்குமுன் நியாயமான அவகாசம் தந்து அறிவிக்க வேண்டும். தவணை கடந்தாலும், உண்மையில் விற்பனை நடக்கும்வரை, தாமதத்தால் ஆன செலவையும் சேர்த்துக் கட்டி நகையைத் திருப்பலாம். விற்ற பணத்தில் கடன்போக மிஞ்சியது நகைக்காரருக்கே சேர வேண்டும்.

ஆகவே அடகுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தேதி கடந்திருந்தாலும் சீட்டோடு போய், "விற்றாயிற்றா?" என்று கேளுங்கள். விற்காதவரை அது உங்கள் நகை.