வீட்டு முற்றத்தில் காருக்குப் பூச்சு: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

யாழ்ப்பாணத்துக் கார்கள் பல, ஓட்டுகிறவர்களைவிட வயதில் மூத்தவை. 1960களின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் கார் இறக்குமதி சுருங்கியது. 1977க்குப் பிறகு அது தளர்ந்தாலும், சில ஆண்டுகளிலேயே போர் மூண்டது. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் என்று ஐம்பதுகளின் வண்டிகள் குடும்பங்களோடு தங்கிவிட்டன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதையும் தாங்கின.

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனால் வரியோடு சேர்ந்த விலை சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாது. இருக்கிற காரைப் புதுக்கி வைத்திருப்பதுதான் வழி என்று சொந்தக் கையால் வேலையில் இறங்குகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ வெகு தொலைவில் இல்லை. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக்காற்று இரும்பைப் பிடித்துவிடும். ஆகவே முதல் வேலை நிறம் தேர்வதல்ல, கறள் தேடுவது. கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, மட்காட்டின் உட்பக்கம், டிக்கித் தரை ஆகிய இடங்களை ஸ்குறூட்றைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும். பட்டி அப்பி மறைத்த இடம் மொத்தென்று மந்தமாக ஒலிக்கும். காந்தமும் அங்கே ஒட்டாது.

இதில் காருக்குக் கார் வித்தியாசம் உண்டு. ஏ-40 சோமர்செற்றுக்குத் தனிச் சேசிஸ் இருக்கிறது. மொறிஸ் மைனருக்கு அது கிடையாது. கதவுக்குக் கீழுள்ள விளிம்பே உடலைத் தாங்கும் உறுப்பு. அங்கே கறளின் மேல் பட்டி பூசி பெயின்ற் அடிப்பது, உள்ளே பயணிக்கிற பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது அனுபவமுள்ள வெல்டிங்காரரின் வேலை.

மேற்பரப்புக் கறளை நீங்களே சுரண்டலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் மினுங்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, நன்றாகக் காயவைத்து, அன்றே பிறைமர் பூசிவிட வேண்டும். வெறும் இரும்பை ஓர் இரவு திறந்து வைத்தால், விடிய அதில் செம்மஞ்சள் படர்ந்திருக்கும்.

காலமும் முக்கியம். வாடைக் காற்றும் மழையும் உள்ள மாதங்களில், ஈரக் காற்றால் என்.சி. (நைற்றோசெலுலோஸ்) பெயின்ற் வெளிறிப் பால்போலாகும். சோளகம் வீசத் தொடங்கினால் புழுதி வந்து ஈரப் பூச்சில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனிதான் நல்ல காலம். அதிலும் காலைப் பனி காய்ந்த பிறகு.

என்.சி. காற்றில் தானாகக் காயும். பிழைத்தால் தேய்த்துத் திருத்தலாம். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படிப் பக்கம் கொண்டுபோகக்கூடாது. ஹார்ட்னர் கலக்கும் ரூ-கே பெயின்றின் பளபளப்பைப் பார்த்து மயங்கி, அதை வீட்டில் விசிறாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

பூசி முடித்த காரைக் கிணற்று நீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், சுண்ணாம்புக்கல் நிலத்தின் கடினநீர் வெள்ளைப் புள்ளிகளை விட்டுப்போகும். நிழலில் கழுவி உடனே துணியால் ஒற்றி எடுங்கள். பீலி வழியே பிடித்த மழைநீர் இருந்தால் கடைசிக் கழுவலுக்கு அதுவே உத்தமம்.

பூச்சுக்கு அடுத்தது அலங்காரம். 2025 சனவரியில் அரசின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களை அகற்றப் பொலிஸார் இறங்கியபோது, பஸ், முச்சக்கர வண்டிச் சாரதிகள் எதிர்த்தார்கள். பிறகு அவகாசம் தரப்பட்டது. எல்லா அலங்காரத்தையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்பதே என் எண்ணம். சீற் உறையும் ஸ்ரியறிங் உறையும் யாரையும் இடிக்கப் போவதில்லை. ஆனால் முன்கண்ணாடியில் அகலமாக ஒட்டிய 'சந்நிதி முருகன் துணை' சாரதியின் பார்வையை மறைக்கும். அதைப் பின்கண்ணாடியின் ஓரத்தில் சிறிதாக ஒட்டினாலும் முருகன் துணைதான். சாதாரண பல்புக்கென்று செய்த ஹெட்லைற்றுக்குள் எல்.ஈ.டி. பல்பைப் போட்டால், வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். பழைய பிரித்தானியக் கார்களில் இன்னொரு சிக்கல்: பெரும்பாலானவற்றில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய றேடியோவையோ எல்.ஈ.டி.யையோ வழக்கம்போல் இணைத்தால் எரிந்துபோகும். டைனமோ தரும் மின்சாரமும் கொஞ்சம்தான்.

இலக்கத் தகட்டில் கைவைக்கவே கூடாது. இந்த மண்ணில் அதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1957இல் புதிய வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958இன் தொடக்கத்தில் அரசுடைமையான பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வர, தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்திருந்த பண்டா-செல்வா ஒப்பந்தம் அவ்வாண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. 'ஸ்ரீ' எழுத்துக்கு முந்தைய ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. தகடுகள் தாங்கிய கார்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தத் தகட்டை எழுத்து மாறாமல் துடைத்து வைத்திருங்கள்.

நிறத்தை மாற்றுவதானால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்த வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். பழைய நிறத்தையே பூசினால் இந்த அலைச்சல் இல்லை. டாஷ்போட்டின் அடியில், கதவு றப்பரின் உள்ளே என வெயில் படாத இடங்களில் அந்த நிறம் மங்காமல் இருக்கும். கழற்றக்கூடிய ஒரு சிறு துண்டைப் பெயின்ற் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதைப் பார்த்துக் கலந்து தருவார்கள்.