மிதிவண்டி டயர் நெடுநாள் உழைக்க

ஏரிக்கரை ஊர்களில் மிதிவண்டி ஒரு தொழிற்கருவியாகும். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையிலுள்ள சுண்ணாம்புக்குளத்திலும் அண்டைக் குப்பங்களிலும், மீன் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்போர், எளாவூர், ஆரம்பாக்கம் ரயில் நிலையங்களுக்குச் செல்லும் தொழிலாளர், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவியர் ஆகிய பலருக்கும் அது உதவுகின்றது. மீன் காத்திராது, நடுவழியில் டயர் வெடித்தால் அன்றைய வரும்படி போயிற்று. எனவே டயரைப் பேணுவது குடும்ப வருவாயைப் பேணுவதேயாகும்.

1888-ஆம் ஆண்டில், பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் என்பார் காற்றடைத்த டயரை உலகில் பரவச் செய்தார். வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே. பின்சக்கரத்தின்மீது 60 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ வீதம் காற்றின் அழுத்தம் இருந்தால், டயரில் ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர் தரையில் படியும். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் 40 சதுர சென்டிமீட்டர் படியும். சக்கரம் சுழலுந்தோறும் பக்கச்சுவர் அவ்வளவுக்கு மிகுதியாக மடங்கி நிமிர்வதால், உள்ளிருக்கும் நூலிழைகள் நைந்து வெடிப்புக் காண்கின்றது. மிதிப்பதும் கடினமாகின்றது. பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டைத் துளை விழுகின்றது.

ஆகவே வாரம் ஒருமுறையேனும் காற்றடித்தல் வேண்டும். பளு ஏற்றும் நாளில் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நன்று. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள அளவை மீறலாகாது. கடைக்காரர்கள் 'வால்டியூப்' என்று கூறும் சிறு ரப்பர் குழாய் நைந்திருந்தால் காற்று நில்லாது. அதனை உடனே மாற்றுக.

இப்பகுதியில் உடைந்த கிளிஞ்சலும் சீமைக் கருவேல முள்ளும் டயருக்குப் பகை. பஞ்சர் ஒட்டியபின் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை நீக்காவிடில், ஒட்டிய டியூபில் மறுபடியும் துளை விழும். உப்பு நீர் ரப்பரைவிட இரும்பையே மிகுதியாகத் தாக்குகின்றது. துருவேறிய ரிம்மும் ஆரக்கம்பியின் முனையும் உள்ளிருந்தே டியூபை அறுக்கும். சேற்றுவழி சென்று வந்தால் நன்னீரால் கழுவித் துடைத்து, ரிம்மின் உட்பட்டை கிழியாமலிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகும். அவற்றால் டயரைத் துடைத்தல் கூடாது. டயருக்குக் கருமை தரும் கரித்தூள் தேய்மானத்தையும் வெயிலின் தாக்குதலையும் ஓரளவு தடுக்கும். ஆயினும் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் விரைவில் வெடிப்புறும்.

பின்சக்கரம் மிகுந்த பாரம் தாங்குவதால் அதன் டயரே முதலில் தேயும். அப்போது முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னே பூட்டுக. முன்டயர் வெடித்தால் ஓட்டுபவர் நிலை தவறி விழ நேரும். எனவே நல்ல டயர் முன்னே இருப்பதே காப்பு. ஓரத்தில் நூலிழை தெரிந்தாலும், டயரில் ஓரிடம் புடைத்தாலும் அதனைத் தள்ளிவிடல் வேண்டும். பிரேக் கட்டை டயரின் பக்கத்தில் உராய்ந்தால் நல்ல டயரும் சில நாளில் அறுபடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கனவும் உண்டு. பள்ளியிலும் மீன் இறங்கும் துறையிலும் காற்றடிக்கும் பம்பு ஒன்று வைக்கலாம். பள்ளியில் நிழற்கொட்டகை அமைக்கலாம். பாதையோர முட்செடிகளைக் காலந்தோறும் வெட்டி, வெட்டிய முள்ளைப் பாதையில் விடாது அப்புறப்படுத்தலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஊரார் ஒன்றுகூடி இவற்றைச் செய்வார்களாயின், மீன் உரிய நேரத்தில் விலையாகும். மாணவியரின் படிப்பும் தடைபடாது.