சிலைவழிபாடு விலக்கலும் தூய வாழ்வும் (கிறித்தவம்)

சிலைவழிபாடு விலக்கல் என்பது, கடவுள் ஒருவருக்கே உரிய வழிபாட்டை வேறு எந்த உருவத்துக்கும் பொருளுக்கும் மனிதருக்கும் செலுத்தாதிருக்கும் கிறித்தவ நெறி ஆகும். பழைய தமிழ்க் கிறித்தவ நூல்கள் இத்தகைய வழிபாட்டை விக்கிரக ஆராதனை என்று குறிப்பிடுகின்றன. தனிமனிதத் தூய்மையைக் காத்தல் என்பது இதனுடன் இணைந்த மற்றொரு நெறியாகும். எது வழிபாடு, எது வெறும் சமூக வழக்கம் என்னும் கேள்வி தமிழகக் கிறித்தவ வரலாற்றில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி இவ்விவாதத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

இச்சொல் கிறித்தவ இறையியல் சார்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. திருவுருவத்தில் இறைவன் எழுந்தருளுகிறான் என்பதே இந்து சமயத்தவர் கொள்கை. கல்லையே கடவுளாகக் கொள்வதாக அவர்கள் தம் வழிபாட்டைக் கருதுவதில்லை.

விவிலியத்தில்

பத்துக் கட்டளைகளில் (விடுதலைப் பயணம் 20) வேறு தெய்வங்களையும் செதுக்கிய உருவங்களையும் வணங்குதல் விலக்கப்பட்டுள்ளது. புதிய ஏற்பாடு இதன் பொருளை விரிவாக்குகிறது. கொலோசையர் 3:5 பேராசையையும் சிலைவழிபாடு என்றே கூறுகிறது.

தூய்மையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குப் பிரித்து வைக்கப்பட்டது என்னும் பொருள் உண்டு. ஆயினும் மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், வெளியிலிருந்து உள்ளே செல்வது மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்றும், உள்ளத்திலிருந்து வரும் தீயவையே தீட்டுப்படுத்தும் என்றும் இயேசு விளக்குகிறார். தீட்டு என்னும் கருத்து சாதியோடு பிணைந்திருந்த தமிழகத்தில் இவ்விளக்கம் தனி முக்கியத்துவம் பெற்றது.

சேந்தமங்கலமும் சேலமும்

இத்தாலிய இயேசு சபைத் துறவியான ராபர்ட் தெ நோபிலி (1577–1656) 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். காவியுடை அணிந்து, புலால் தவிர்த்து, தத்துவ போதகர் என்னும் பெயருடன் சந்நியாசியாக வாழ்ந்தார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்றோர் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைத் தொடர்ந்து கொள்ளலாம் என்றார். இவை குலத்தையும் சமூக நிலையையும் காட்டும் அடையாளங்கள், வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது அவர் வாதம். மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் இயேசு சபையினர் இதனை எதிர்த்தார். வழக்கு கோவாவுக்கும் பின்னர் உரோமைக்கும் சென்றது.

1623ஆம் ஆண்டு நோபிலி மதுரையிலிருந்து வடக்கே பயணம் செய்தார். சேந்தமங்கலத்தின் ஆட்சியாளர் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து நோபிலி சேலம் சென்றார். சேலம் ஆட்சியாளரின் உடன்பிறந்தவரான திருமங்கல நாயக்கர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார்.

அதே 1623ஆம் ஆண்டு சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இவ்வழக்கில் ஆணை பிறப்பித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்பட்டன. பூணூலைக் கோயிலிலோ கோயில் பூசாரியிடமிருந்தோ பெறாமல், கிறித்தவக் குருவிடமிருந்து மந்திரிப்புடன் பெற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பொருள் ஒன்றாயினும், அது எங்கிருந்து, என்ன நோக்கத்துடன் பெறப்படுகிறது என்பதே அளவுகோலாயிற்று. உயர்குலத்தோர் தாழ்ந்தோரை இகழாது, அவர்களுடன் கூடி இறைவார்த்தையைக் கேட்க வேண்டும் என்றும் அவ்வாணை வலியுறுத்தியது.

மலபார்ச் சடங்கு விவாதம்

இத்தீர்வு நிலைக்கவில்லை. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை பல வழக்கங்களைத் தடை செய்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைத்தல், திருநீறு அணிதல் ஆகியன அவற்றுள் சில. கிறித்தவ இசைக் கலைஞர்கள் கோயில் விழாக்களில் வாசிப்பதும் தடுக்கப்பட்டது. விழாக்களில் வாசித்துப் பிழைத்தோருக்கு இது சமயக் கேள்வி மட்டுமன்று, வாழ்வாதாரக் கேள்வியும் ஆகும். நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் அதே ஆணை கூறியது.

1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இத்தடைகளை உறுதி செய்தார். இவ்விதிகளைக் காப்பதாக மறைபணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.

புரோட்டஸ்தாந்து சபைகள்

கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கே உரிய ஆராதனை வேறு எனப் பிரித்தது. கத்தோலிக்கர் இதனை ஏற்கின்றனர். புரோட்டஸ்தாந்து சபைகளுள் பல, ஆலயத்தில் திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்துவதையே தவிர்க்கின்றன.

இச்சபைகளில் விவாதம் சாதியை நோக்கித் திரும்பியது. சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு கைவிட வேண்டும் என 1833ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சைப் பகுதியில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சிலையைத் துறந்தோருக்கும் சாதியைத் துறப்பது கடினமாயிருந்தது.

சேந்தமங்கலத்தை அடுத்து உயரும் கொல்லிமலையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகிய பாப்திஸ்து மறைபணியாளர் பணியாற்றினர். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய கொள்ளைக் காய்ச்சலின்போது நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்துக் கவனித்தனர். அதுவரை அவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர், சாகும் தறுவாயில் தம் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். 1914இல் பிறந்த அவர்களின் மகன் பால் பிராண்ட் பின்னாளில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றார்.

இன்றைய வழக்கில்

தமிழ்க் கிறித்தவர் பலர் இன்றும் தாலி அணிகின்றனர். அதில் சிலுவை அல்லது புறா பொறிக்கப்பட்டிருக்கும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் விழாவின்போது அண்டை வீட்டார் தரும் கூழையும் பிரசாதத்தையும் ஏற்பதா என்பதில் கிறித்தவக் குடும்பங்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8 முதல் 10 வரையான அதிகாரங்களில் பவுல் இதே சிக்கலை ஆராய்கிறார். சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம். பலியிடப்பட்டது என ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனச்சான்றுக்காகத் தவிர்க்க வேண்டும். தெய்வங்களுக்குப் படைக்கும் விருந்தில் பங்குகொள்ளுதல் கூடாது. உணவைவிட, அதை உண்பவர் யாருடன் உறவு கொள்கிறார் என்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

எனவே கிறித்தவ நெறியில் விலகல் என்பது பொய்யெனக் கருதும் வழிபாட்டிலிருந்து விலகுதலே அன்றி, மனிதரிடமிருந்து விலகுதல் அன்று. 1623ஆம் ஆண்டின் ஆணை பூணூலைப் பற்றிய விதிகளையும் தாழ்ந்தோரை இகழாதிருக்கும் கடமையையும் ஒருங்கே கூறியதன் பொருள் இதுவே எனலாம்.