மாடி வீட்டில் தூக்கம் போச்சா? வில்லன் தலைக்கு மேலேதான் இருக்கிறான்!

ராத்திரி 11 மணி. தெருவில் காற்று சிலுசிலு என்று வருகிறது. மாடி போர்ஷனிலோ ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் அனல்தான் கொட்டுகிறது. குழந்தை சிணுங்குகிறது. சுவரில் சாய்ந்தால் முதுகு சுடுகிறது.

"சூரியன் போய் அஞ்சு மணி நேரம் ஆச்சே, இன்னுமா சூடு?" என்று கேட்காத மாடிக் குடித்தனக்காரர் சென்னையில் உண்டா?

சூரியன் எங்கேயும் போகவில்லை சார். உங்கள் தலைக்கு மேலே, கான்கிரீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான்!

குடித்ததைக் கக்குகிறது

இப்போது வீடுகளுக்குப் போடுகிற கான்கிரீட் தளம் ஐந்து அங்குல கனம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது வெயிலைக் குடிக்கிறது. பொழுது சாய்ந்ததும் குடித்ததை எல்லாம் கீழே கக்க ஆரம்பிக்கிறது. அதுவும் எப்போது? நீங்கள் ஆபீசிலிருந்து, கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டுகிற நேரம் பார்த்து! ஃபேன் பாவம் என்ன செய்யும்? மேலே தேங்கிய சூட்டைக் கீழே தள்ளுகிறது.

இது வெறும் தூக்கத்தோடு போகிற விஷயம் இல்லை. 2010 மே மாதம் அகமதாபாத்தில் அனல் வீசியபோது, வழக்கமாக அந்த மாதத்தில் சாகிறவர்களைவிட 1,300 பேருக்கு மேல் அதிகமாக இறந்தார்கள். பகலில் காய்ந்த உடம்பு ராத்திரியிலாவது ஆற வேண்டும். ஆறாவிட்டால் வயசானவர்கள் தாங்க மாட்டார்கள். நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி! அனல் காற்றை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தே விட்டது.

கடுக்காயும் வெல்லமும்

அப்படியென்றால் ஃபேனே இல்லாத காலத்தில் நம் தாத்தா, பாட்டி எப்படித் தூங்கினார்கள்?

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிற பழைய வீடுகளுக்குள் ஒரு மத்தியானம் நுழைந்து பாருங்கள். வாசற்படி தாண்டியதுமே வித்தியாசம் தெரியும்.

அந்த வீடுகளில் இருப்பது 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக, நெட்டுக்குத்தாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மொத்தம் முக்கால் அடி கனம் வரும். வெயில் அதைத் துளைத்துக் கீழே வருவதற்குள் பொழுதே போய்விடும். அப்படியே கொஞ்சம் வந்தாலும் கூரை 11, 12 அடி உயரத்தில். சூடு அங்கேயே நிற்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தத் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும். பக்கத்துச் சுவரில் வெயிலே படாது. வெயில் விழுகிற பெரிய இடம் கூரை ஒன்றுதான். அதனால்தான் கூரைக்கு அத்தனை மெனக்கெட்டார்கள்.

முற்றத்தை மூடாதீங்க!

நடுவில் முற்றம். பகலில் வீட்டுச் சூடு அது வழியாக மேலே ஓடும். ராத்திரி குளிர்ந்த காற்று அதில் இறங்கித் தாழ்வாரத்தில் பரவும். கரண்ட் செலவு சல்லிக் காசு இல்லை.

ஆனால் நாம் என்ன செய்தோம்? மழைச் சாரல் அடிக்குது, குரங்கு வருது, திருடன் குதிக்கிறான் என்று முற்றத்தின் மேல் தகரம், ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூடினோம். சில இடங்களில் முற்றத்தையே தடுத்து ஒரு ஒண்டுக்குடித்தனம் விட்டாயிற்று. அப்புறம் "பழைய வீடு புழுங்குது" என்று சொன்னால் வீடு என்ன செய்யும்? திருடனுக்குப் பயந்தால் இரும்புக் கம்பி போடுங்கள். காற்றாவது வரும்.

வெட்டிவேர் தட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசலில் கட்டித் தண்ணீர் தெளித்தால் ஜில்லென்று இருக்கும் என்பது நிஜம். ஆனால் வறண்ட மேல்காற்று அடிக்கிற நாளில் மட்டும்தான். ஈரமான கடல் காற்று வந்துவிட்டால் அதே தட்டி கசகசப்பைத்தான் கூட்டும். டில்லிக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஜன்னல் விஷயத்திலும் இதே கதை. காலை பத்து, பதினொன்றுக்கு மேல் கடல் காற்று வரும்வரை மூடி வையுங்கள். அந்தக் காற்று சில நாள் மத்தியானமே வரும், சில நாள் சாயங்காலம் ஆனாலும் வராது. ராத்திரி எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். கொசுவுக்கு வலை அடித்துக்கொள்ளலாம்.

ஒரு வாளி சுண்ணாம்பு

சரி, கான்கிரீட் வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள்? இனிமேல் தேக்குக் கட்டைக்கும் கடுக்காய்க்கும் எங்கே போவது?

மொட்டை மாடிக்கு வெள்ளையடியுங்கள். அவ்வளவுதான்! வெள்ளை, வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது என்பது கணக்கெடுத்துப் பார்த்த விஷயம். குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையை அகமதாபாத் 2017-லேயே ஆரம்பித்தது. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டு வந்தது.

முதலில் தளத்தைப் பெருக்கிக் கழுவி, வெடிப்புகளை அடைக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து இரண்டு, மூன்று தடவை பூசலாம். தண்ணீர் ஊற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினாலும் சூடு தணியும்தான். ஆனால் ஏரிகள் வறண்டு லாரிக்குக் குடத்தோடு நின்ற 2019 கோடையை மறந்துவிட முடியுமா? தென்னங்கீற்றுப் பந்தல் போடுகிறவர்கள் தளத்துக்கும் கீற்றுக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். தீபாவளிக்கு முன்னால் மறக்காமல் பிரித்து விடுங்கள். ஒரு ராக்கெட் போதும்!

யார் செலவு?

இங்கேதான் வருகிறது தகராறு. வீட்டுக்காரர் கீழே குளுகுளுவென்று இருப்பார். வேகிறவர் மாடிக் குடித்தனக்காரர். "நான் எதுக்கு வெள்ளையடிக்கணும்?" என்பார் அவர். "என் வீடா இது?" என்பார் இவர். இந்தப் பேச்சிலேயே கத்திரி வெயில் முடிந்து ஆடிக் காற்றும் வந்துவிடும்.

வீட்டுக்காரருக்கு ஒரு சேதி. வெயிலில் விரிந்து, ராத்திரி சுருங்கித்தான் தளத்தில் வெடிப்பு விழுகிறது. மழைக்காலத்தில் ஒழுகுவதும் அந்த வெடிப்பு வழியாகத்தான். கொத்தனார் கூலி அப்போது யார் தலையில் விழும்?

ஆள் கூலி வீட்டுக்காரர், சுண்ணாம்பு குடித்தனக்காரர் என்று பேசி முடித்துக்கொள்ளலாம். பங்குனி முடிவதற்குள் அடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் கரைந்துவிடும். அடுத்த பங்குனிக்கு மறுபடியும் ஒரு வாளி.