துடைப்பம் எடுக்கும் முன்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல் கொதித்த ஒரு ராத்திரி, பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை உதறும்போது அது கட்டில் சட்டத்தில் பட்டு உடைந்தது. சிவப்பு சிமெண்ட் தரையில் மிளகு அளவில் ஒரு வெள்ளித்துளி உருண்டு நின்றது. "தள்ளுப்பா, பிள்ளை காலில் கண்ணாடி குத்திடப் போகுது" என்று அம்மா துடைப்பத்தோடு வந்தார். ஒரே ஒரு இழுப்புதான். அந்தத் துளி எங்கே போனது என்றே தெரியவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தரை சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிட்டோம். பத்து நாள் கழித்துக் கட்டிலுக்கடியில் எதையோ தேட டார்ச் அடித்தபோது, தரை வெடிப்பு நெடுக ஊசிமுனைப் புள்ளிகளாக ஏதோ மினுங்கியது. பிள்ளை அந்தத் தரையில்தான் பாய் விரித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அன்று எங்கள் யாருக்கும் அக்கறை குறைவில்லை. கையில் எடுத்த பொருள்தான் தவறு. ரசாயனம் சிந்தினால் முதல் ஐந்து நிமிடத்தில் எதைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்து அடங்குவதும் வீடு முழுக்கப் பரவுவதும்.

ஒரு துளி ஆயிரமாகும்போது

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரையிலான பாதரசம். தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம் என்பதால் பார்வைக்குச் சிறுதுளியாகத்தான் இருக்கும். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரே துளி ஆயிரம் பொடித்துளிகளாகச் சிதறினால் காற்றில் படும் பரப்பு பத்து மடங்காகிறது. ஆவியாகும் வேகமும் அதற்கேற்பக் கூடும். துடைப்பம் செய்வது இந்தச் சிதறடிக்கும் வேலையைத்தான். வேக்குவம் கிளீனர் இன்னும் மோசம்: உள்ளே போன பாதரசத்தை மோட்டார் சூட்டில் ஆவியாக்கி, பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதித் தள்ளும். அந்த இயந்திரத்தையும் பிறகு பயன்படுத்த முடியாது.

வேலை செய்யும் இடத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம் பாதரசம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 20 டிகிரி வெப்பத்தில் பாதரச ஆவி நிறைந்த காற்றில் ஏறக்குறைய 13 மில்லிகிராம் இருக்கும். வரம்பைப்போல ஐந்நூறு மடங்கு. அடைத்த அறையில் தேங்க விடக்கூடாது என்பது இதனால்தான். தரையோடு தரையாக இருந்து மூச்சுவிடும் குழந்தைக்கு ஆபத்து பெரியவர்களைவிட அதிகம்.

உடைந்தது பாதரசம்தானா என்று முதலில் பாருங்கள். வெள்ளி நிறம் என்றால் பாதரசம்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. சிவப்பு அல்லது நீலத் திரவம் என்றால் அது சாராயக் கலவை. கண்ணாடியை மட்டும் கவனமாக அள்ளினால் போதும்.

கையில் எடுக்க வேண்டியவை

குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே அனுப்புங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பாதரசம் பட்ட தங்கம் அதோடு கலந்து வெளுத்துப்போகும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

வேண்டியதெல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். கையுறை, ஒரு டார்ச், இரண்டு கெட்டி அட்டைகள் (கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும்), ஊசி கழற்றிய ஸிரிஞ்ச் அல்லது இங்க் ஃபில்லர், அகலமான ஒட்டு டேப், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். கண்ணுக்குத் தப்பிய துளிகூட நட்சத்திரம்போல மின்னும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அட்டையால் மெதுவாகத் தள்ளினால் துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும். அதை ஸிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் விடுங்கள். பொடித்துளிகளை டேப்பின் பசைப்பக்கத்தில் ஒற்றி எடுங்கள்.

வெடிப்புக்குள் போய்விட்டதற்குக் கந்தகத் தூள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கருத்த பொடியாவது சித்த வைத்தியர்களுக்குப் பழகிய சங்கதி. அந்தச் சேர்க்கை ஆவியாகாது. ஆனால் தரையில் தூவியதும் இது நடந்துவிடாது. அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளிய பிறகு, எஞ்சியதன் மேல் தூவி விட்டுவைத்து, பின்னர் ஈரத்தாளால் எடுக்க வேண்டும்.

டேப், அட்டை, கையுறை, பாதரசம் பட்ட துணி எல்லாம் டப்பாவோடு சேர்த்து ஒரே பையில் கட்டப்பட வேண்டியவை. வாஷ் பேசினிலோ கழிவறையிலோ ஊற்றினால் குழாய் வளைவில் தங்கி ஆவியாகிக்கொண்டே இருக்கும். பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடவும் கூடாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை 'வீட்டு அபாயக் கழிவு' என்றே பட்டியலிட்டிருந்தன. பையின் மேல் 'பாதரசம்' என்று எழுதி, தனியாக உள்ளாட்சியிடம் ஒப்படையுங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசக் கருவி உடைந்தால் இந்த வைத்தியம் செல்லாது. அதில் 100 கிராம் வரை இருக்கும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கரி வடிகட்டி பொருத்திய தனி உறிஞ்சுகருவியும், காற்றில் உள்ள பாதரசத்தை அளக்கும் கருவியும் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

முகக்கவசமும் கையுறையும்

கரோனா காலத்தில் வாங்கி வைத்த என்95 கவசத்தை மாட்டிக்கொண்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது தூசியையும் நீர்த்திவலையையும்தான் தடுக்கும். ஆவியும் வாயுவும் அதனூடே தாராளமாக வரும். ஆவிக்கு வேண்டியது, அந்தந்த ரசாயனத்துக்கென்றே செய்த வடிகட்டிக் குப்பி பொருத்திய ரப்பர் கவசம். பாதரசத்துக்கு ஒன்று, அமில வாயுவுக்கு வேறொன்று. தப்பான குப்பியோடு உள்ளே போவது வெறும் முகத்தோடு போவதைவிட ஆபத்து, ஏனென்றால் தைரியமாக அதிக நேரம் நிற்போம்.

கையுறையில் நைட்ரைல் நல்லது. துணிக் கையுறை திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். தோல் செருப்பும் அப்படித்தான். பூச்சிமருந்து ஊறிய தோல் செருப்பை எத்தனை முறை கழுவினாலும் விஷம் முழுதாகப் போகாது. வயலில் ரப்பர் பூட்ஸ்தான் போட வேண்டும்.

வேறு ரசாயனம் என்றால்

பூச்சிமருந்து கொட்டினால் உலர்ந்த மணலையோ மண்ணையோ போட்டு உறிஞ்சவைத்து அள்ளுங்கள். தண்ணீர் விட்டு அலசினால் வாய்க்காலும் கிணறும் கெடும். மரத்தூளை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் நல்லதல்ல. நகைப் பட்டறையில் வைத்திருக்கும் நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூள் போட்டால் பழுப்புப் புகை கிளம்பும், தீயும் பிடிக்கலாம். அங்கேயும் மணல்தான். தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை சிதறினால் ஈர மாப் பக்கத்திலேயே வரக்கூடாது. ஈரம் பட்டால் உயிர்கொல்லும் பாஸ்பீன் வாயு வரும். கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது.

கொடைக்கானல் மண்

சிந்தியதை அப்போதே அள்ளாவிட்டால் எவ்வளவு பெரிய கருவி தேவைப்படும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. 1980களில் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் ஊருக்குள்ளேயே பழைய சாமான் கிடங்கில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொள்ள 2016 ஆனது. மண்ணைச் சுத்தம் செய்ய வகுத்த வழி, மண்ணை அலசிப் பிரித்து, பாதரசம் மிகுந்த பகுதியை உலையில் சூடேற்றி, கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை மண்ணில் மிஞ்சலாம் என்பது இலக்கு. ஆலை இருந்த மலைச்சரிவுக்குக் கீழே பாம்பார் சோலைக் காடு இருக்கும்போது அந்த இலக்கு போதாது என்று வாதாடியவர்கள் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

தெர்மாமீட்டரைக் கடித்துப் பிள்ளை பாதரசத்தை விழுங்கிவிட்டால் பதறி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உலோகப் பாதரசம் குடல் வழியாக உடம்பில் ஏறுவது மிக அற்பம், பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். கண்ணாடிச் சில்லுக்காக மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சில் போவதுதான் கொடியது. சுவாசித்த ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்தில் கலக்கிறது. அதிக ஆவியைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் இருமல், நெஞ்சிறுக்கம், காய்ச்சல் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல மாதம் சுவாசித்தவருக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், மறதி, ஈறு வீக்கம் என்று தலைகாட்டும், சிறுநீரகமும் கெடலாம்.

மூச்சுத் திணறினால் உடனே 108. மருத்துவரிடம் போகும்போது 'வீட்டில் பாதரசம் சிந்தியது' என்பதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த இருமலும் காய்ச்சலும் அவருக்கு நிமோனியாவாகத்தான் தெரியும், சிறுநீரில் பாதரச அளவு பார்க்க எழுதிக்கொடுக்கத் தோன்றாது.