சிவப்புக் கூட்டத்துக்குக் கீழே விரால்

ஏற்காட்டில் பெய்யும் மழை ஏற்காட்டிலேயே தங்கிவிடுவதில்லை. சேர்வராயன் மலைச் சரிவுகளில் இறங்கி, திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் சேலம் சமவெளியில் ஓடி, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிவிட்டுக் காவிரியில் கலக்கிறது. கன்னங்குறிச்சியின் மூக்கனேரிக்கு வருவதும் இந்த மலைத் தண்ணீர்தான். ஏரிகள் நிரம்பும் மழைக்காலமே விரால் மீன் இனம் பெருக்கும் காலம்.

கோரையும் பாசியும் மண்டிய ஆழமில்லாத ஓரத்தில், இணைசேர்ந்த விரால்கள் செடிகளைக் கடித்து ஒதுக்கி வட்டமாக இடம் ஒழுங்கு செய்கின்றன. முட்டைகளுக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அவை மூழ்காமல் அந்த வட்டத்தில் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சுகள் பொரிந்துவிடும். சில நாளில் அவை ஆரஞ்சு கலந்த செந்நிறம் பெற்று, ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரியும். விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. தலைக்குள் இருக்கும் தனி அறையில் காற்றை நிரப்பிச் சுவாசிக்கும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துபோகும். குஞ்சுகளும் அப்படித்தான், காற்றை விழுங்கக் கூட்டமாக மேலெழும். அப்போது அந்த ஓரிடத்தில் மட்டும் மழைத்துளி விழுவதுபோல் தண்ணீர் சிலிர்க்கும். அதற்குக் கீழே, தாயும் தகப்பனுமாகவோ தகப்பன் மட்டுமோ காவல் நிற்கும்.

இப்படிக் கண்ணில் படும் மீனைப் பிடிப்பதற்குத் தனி முறை உண்டு. தூண்டிலைப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக் காத்திருப்பது ஒரு வகை. மீனை முதலில் கண்ணால் கண்டு, பிறகு அதன் முன் இரையை வீசுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை அமெரிக்காவின் தென்கடற்கரையில் பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே தேடப்படுவது ரெட்ஃபிஷ், நம் கத்தாளையின் குடும்பத்து மீன். முழங்கால் ஆழத்தில் தலைகுப்புற நண்டைக் கிளறும்போது, கரும்புள்ளி உள்ள அதன் வால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை நெருங்கவென்றே தட்டையான அடியுள்ள படகைச் செய்திருக்கிறார்கள். ஒரு சாண் தண்ணீரிலும் அது மிதக்கும். மீனுக்குப் பக்கத்தில் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, நீண்ட கழியால் தரையை ஊன்றித் தள்ளுவார்கள்.

நம் காவிரியின் பரிசலும் இதே கணக்கில்தான் மிதக்கிறது. எந்தப் படகும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் அளவுக்கே அமிழும். அடிப்பரப்பு அகலமாக இருந்தால் அமிழும் ஆழம் குறையும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள பரிசலின் அடிப்பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர மீட்டர். ஆட்களோடு சேர்த்து 314 கிலோ எடை என்றால் அது பத்து சென்டிமீட்டர்தான் அமிழும். அடி சற்றே வளைந்திருப்பதால் கொஞ்சம் கூடலாம். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னித் தோல் போர்த்திய பழைய பரிசலுக்கும், பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசிய இன்றைய பரிசலுக்கும் இது பொருந்தும்.

படகு நெருங்கிவிட்டாலும் மீன் கண்ணில் பட வேண்டுமே. முதல் தடை தண்ணீர் தரும் கண்கூச்சம். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. போலராய்டு கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுத்துவிடும். நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது கூச்சம் அநேகமாக முழுவதும் விலகும். இந்தக் கோணத்தின் விதியை ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர் 1815-இல் வகுத்தார்.

அடுத்த தடை ஒளிவிலகல். நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழத்து மீன் மூன்றடியில் இருப்பதாகத் தெரியும். சாய்வாகப் பார்க்கப் பார்க்க இன்னும் மேலே தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கீழேதான் உண்மையான மீன் இருக்கிறது.

நாம் பார்ப்பதுபோலவே மீனும் நம்மைப் பார்க்கிறது. வெளியுலகம் முழுவதும் அதற்குத் தலைக்கு மேல் 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கித் தெரியும். தரையை ஒட்டித் தாழ இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும். பத்து மீட்டர் தள்ளிக் குந்தியிருப்பவர் அதன் கண்ணுக்குத் தப்பலாம், படகில் எழுந்து நிற்பவர் தப்புவது கடினம். உயரம் ஏறினால் நமக்கு மீன் நன்றாகத் தெரியும், மீனுக்கும் நாம் நன்றாகத் தெரிவோம். வெயிலை முதுகில் வாங்கினால் கூச்சம் குறையும், ஆனால் நிழல் முன்னால் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒலி தண்ணீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால், துடுப்பு பரிசலில் இடித்தாலும் மீனுக்குச் சேதி போய்விடும்.

இத்தனை கவனமும் குஞ்சு காக்கும் விராலிடம் தேவைப்படாது. சிவப்புக் கூட்டமே அதன் இடத்தைக் காட்டிவிடும். அருகே தவளை இரையை வீசினால், பசியில்லாவிட்டாலும் எதிரியை விரட்டும் வேகத்தில் பாய்ந்து கவ்வும். பிடிப்பவருக்கு அன்று ஒரு நல்ல மீன் கிடைக்கும். காவல் இழந்த குஞ்சுகளோ கெளுத்திக்கும் ஜிலேபி மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். எளிதில் கண்ணில் படுவது அதன் பலவீனம் என்று கொள்ளக் கூடாது. அது தன் கடமையில் நிற்பதால்தான் நம் கண்ணில் படுகிறது.

எளிதில் கண்ணில் படும் மீனையும் விட்டுவைக்க வேண்டும் என்பதை அமெரிக்கர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல் கலைஞர் பால் புருடோம் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷைப் புகழ்பெறச் செய்தார். நாடெங்கும் தேவை பெருகி மீன்வளம் சரிந்தது. அரசு தலையிட்டுக் கட்டுப்பாடுகள் விதித்தது. கூட்டரசுக் கடற்பகுதியில் பிடிபடும் ரெட்ஃபிஷை விற்பதற்கு எதிராக 2007-இல் ஜனாதிபதி ஆணையே வந்தது. புளோரிடாவில் 18 முதல் 27 அங்குலம் வரை நீளமுள்ளதை மட்டுமே எடுத்துப்போகலாம். சிறியது வளரட்டும், பெரியது இனம் பெருக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

சேலத்து ஏரிகளில் இதற்கு அளவுகோல்கூட வேண்டாம், நிறமே போதும். குஞ்சுகளின் சிவப்பு மாறிப் பழுப்பாகி, அவை பிரிந்து தனித்தனியே போகும்வரை அந்தக் கூட்டத்தருகே தூண்டில் வீசுவதில்லை என்று ஏரியைக் குத்தகை எடுத்தவர்களும் ஊர்க்காரர்களும் முடிவு செய்தால் போதும். கெண்டையோ ஜிலேபியோ அதே ஏரியில் வேண்டிய மட்டும் கிடைக்கும். மீனைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, எந்த மீனை விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கரையில் நின்று பார்த்தாலே புரிந்துவிடும் அளவுக்கு விரால் அதை நமக்குச் சிவப்பில் எழுதிக் காட்டுகிறது.